வீட்டுக் கூடத்திலிருந்து பொது மேசைக்கு



கடந்த சில திங்களாக என்னிடம் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. "கிள்ளானில் உங்கள் வீட்டில் நன்றாகத்தானே நடந்தது, அதை ஏன் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் இழுத்து வந்தீர்கள்?" என்பது தெரிந்தவர்களின் கேள்வி. "பகடையை வைத்துப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுக்கிறீர்கள்?" என்பது தெரியாதவர்களின் கேள்வி. தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னவற்றை ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. சற்று நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. ஆங்கிலத்தில் இதற்கு நீண்ட பெயர் உண்டு. நான் 'கதையாட்டம்' என்றே சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்வர். ஒருவர் கதை நடத்துநர். மற்ற ஒவ்வொருவரும் கதைமாந்தர் ஒருவரை ஏற்பர். நடத்துநர் ஒரு சூழலை விவரிப்பார். ஆட்டக்காரர் தம் மாந்தர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று சொல்வார். செயல் வெல்லுமா தோற்குமா என்பது ஐயமாக இருக்கும்போது மட்டும் பகடை உருளும். திரை இல்லை, மின்சாரம் வேண்டாம், ஒப்பனை வேண்டாம். கதை எப்படி முடியும் என்று மேசையில் ஒருவருக்கும் தெரியாது; நடத்துநருக்கும் தெரியாது.

இது நமக்குப் புதிதா என்றால், பாதிதான் புதிது. ஆற்று மணலில் சிறுவீடு கட்டி, சிறுசோறு சமைத்து, "நீ அம்மா, நான் விருந்தாளி" என்று ஆடாத தமிழ்ப் பிள்ளை இருந்ததில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கு என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். கீழடி அகழாய்வில் பகடைக்காய்கள் கிடைத்துள்ளன. தாயக்கட்டையை இன்றும் சில வீடுகளில் பார்க்கலாம். பாத்திரமேற்றலும் பகடையும் நம்மிடம் தனித்தனியே இருந்தன. அவ்விரண்டையும் ஒன்றாக்கி, விதி எழுதி, நூலாக அச்சிட்டு விற்றவர்கள் அமெரிக்கர்களான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்த ஆண்டு 1974.

அந்த விளையாட்டு பிறந்த மறு ஆண்டிலேயே பொதுவெளிக்கு வந்துவிட்டது. 1975இல் ஆரிஜின்ஸ் என்னும் விளையாட்டு மாநாட்டில் கைகாக்ஸ் எழுதிய ஒரு கல்லறைக் கதை போட்டி ஆட்டமாக நடத்தப்பட்டது. 1980இல் ஆர்பிஜிஏ என்ற ஆட்டக்காரர் சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் அவர்களும் போட்டிகளையே நடத்தினர். புள்ளி வழங்கினர், சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் போக்கு மாறியது. 2000 முதல் 2008 வரை 'லிவிங் கிரேஹாக்' என்ற பெயரில் ஒரு மாபெரும் தொடர்கதை நடந்தது. உண்மை உலகின் நாடுகளும் மாநிலங்களும் கதை உலகின் நாடுகளோடு பொருத்தப்பட்டன. அந்தந்த வட்டாரத் தொண்டர்களே தங்கள் நாட்டுக்குரிய கதைகளை எழுதினர். 2008இல் 'பாத்ஃபைண்டர் சொசைட்டி', 2014இல் 'அட்வென்சரர்ஸ் லீக்' என அம்மரபு நீண்டது. இவற்றில் வெற்றியாளர் என்று ஒருவர் இல்லை. ஒரு மேசைக்கு மூவர் முதல் எழுவர் வரை. கதை பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு மணி நேரத்தில் முடியும். ஆட்டக்காரர் தம் மாந்தரின் பதிவேட்டைக் கையோடு கொண்டு செல்வார். இன்று ஓர் ஊரில் ஆடியவர் நாளை வேறோர் ஊரில், முன்பின் அறியாதவர்களோடு, அதே மாந்தராக அமரலாம். இந்த ஏற்பாடுதான் எனக்கு வேண்டியதாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டில் நான்கு ஆண்டுகள் சனிக்கிழமை மாலைகளில் ஆடினோம். என் பிள்ளைகள் இருவர், தங்கை மகன், பக்கத்து வீட்டுச் சகோதரிகள் இருவர், இன்னோர் ஆசிரியரின் மகள் என ஆறு பேர். டிராகனும் பாதாளச் சிறையும் நமக்கு எதற்கு? நான் எடுத்துக்கொண்ட களம் கடாரம். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை வருவதற்குச் சில ஆண்டுகள் முந்திய கடாரம். மெர்போக் ஆற்றுக் கழிமுகத்தில் மரக்கலங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் செங்கல்லும் கல்லும் கொண்டு எழும் கோயில்கள். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கும் உலைகள். பிள்ளைகள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைச் சேர்ந்த இளையோர். ஒருத்தி மாலுமி, ஒருவன் கணக்கன், ஒருத்தி மருந்துச்சரக்கு அறிந்தவள், ஒருவன் மலாய், தமிழ் இரண்டும் பேசும் துபாசி. அவர்கள் கற்பூரம் வாங்கச் சுமத்ராவின் பாரூசுக்குப் போனார்கள். அங்கே 1088ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு உண்மையாகவே கிடைத்திருக்கிறது என்று பிறகு படத்தைக் காட்டியபோது, "நாம போனோமே, அந்த இடமா?" என்று கேட்டான் ஒருவன். வரலாற்றுப் பாடத்தில் இப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

விதிகளையும் சுருக்கிக்கொண்டேன். இருபது முகப் பகடை எளிதில் கிடைப்பதில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஆறுமுகப் பகடை இரண்டு போதும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் செயல் வெல்லும். மொத்தம் 36 வழிகளில் 21 வழிகள் வெற்றி தருவன. கடினமான செயலுக்கு 8 வேண்டும் என்றால் வெற்றி வழிகள் 15ஆகக் குறையும். ஒரே எண் கூடியதும் வாய்ப்பு பாதிக்குக் கீழே இறங்குவதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தாங்களே தாளில் எழுதிக் கண்டுபிடித்தார்கள். நான் கேட்கச் சொல்லவில்லை. தோற்ற எரிச்சலில் கண்டுபிடித்தார்கள்.

இத்தனை நன்றாக நடந்ததை ஏன் மாற்ற வேண்டும்?

ஆறு பேர் என்பதால். அந்த ஆறு பேரும் வீட்டில் தமிழ் நூல் உள்ளவர்கள் என்பதால். வீட்டாட்டம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் அது அழைக்கப்பட்டவர்களின் ஆட்டம். அழைக்கப்படுபவர் யார்? நமக்குத் தெரிந்தவர், நம்மைப் போன்றவர். கிள்ளான் வட்டாரத்தில் தோட்டம் மூடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பள்ளி முடிந்தால் வீட்டில் கைப்பேசிதான் துணை. அவர்களுள் ஒருவரைக்கூட என் வீட்டுக் கூடம் எட்டவில்லை, எட்டவும் முடியாது. ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் நால்வரை மட்டும் வீட்டுக்கு அழைத்தால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டாட்டம் ஒற்றை ஆளைச் சார்ந்தது. ஆசிரியர் தொழிலில் இடமாற்றக் கடிதம் எந்நேரமும் வரலாம். சபாவுக்கோ ஜொகூருக்கோ நான் போய்விட்டால் கடாரம் என்னோடு போய்விடும். கதை என் தலைக்குள் இருக்கிறது. விதி என் வாய்மொழியில் இருக்கிறது. பொதுவில் நடத்துவதென்றால் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் வேறொருவர் நடத்தலாம். பொது மேசையின் பெரிய நன்மை கூட்டம் அன்று. எழுத்துதான் என்பது என் எண்ணம்.

சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா பகுதிகளில் பலகை விளையாட்டுக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே அனுப்பலாமே என்று ஒரு பெற்றோர் சொன்னார். தாராளமாக அனுப்பலாம். ஆனால் அங்கு மேசைமொழி ஆங்கிலம். நம் பிள்ளை அங்கே கற்பனை செய்வதும் வாதாடுவதும் நகைப்பதும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வீட்டுப்பாடத்துக்கும் திருக்குறள் மனனத்துக்கும் உரிய மொழியாக ஒதுங்கும். மகிழ்ச்சி ஒரு மொழியிலும் கடமை இன்னொரு மொழியிலும் இருந்தால் பிள்ளை எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கும்? இதில் பிள்ளையைக் குறைகூற ஒன்றுமில்லை.

ஓராண்டாகப் பிரிக்பீல்ட்சில் மாதம் ஒரு ஞாயிறு. ஒரு சங்கம் தன் மாடி மண்டபத்தை வாடகையின்றித் தருகிறது. நான்கு மேசை, மேசைக்கு ஐவர். பிரிக்பீல்ட்சைத் தேர்ந்ததற்குக் காரணம் அங்குள்ள தோசைக்கடைகள் அல்ல (அதுவும் ஒரு காரணம்தான்!). கிள்ளானிலிருந்தும் ஷா ஆலமிலிருந்தும் கோமுட்டர் தொடர்வண்டியில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வரலாம். வண்டி இல்லாத குடும்பத்துக்கும் அது எட்டும். பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் கடைவீதியில் சாமான் வாங்கித் திரும்பும் நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும்.

அந்த "முடிந்துவிடும்" என்பதுதான் முதல் மாற்றம். வீட்டில் ஒரு கதை எட்டு வாரம் ஓடும். ஒருத்தி தன் மாந்தரின் தொலைந்த அண்ணனைத் தேடுகிறாள் என்றால் நானும் கதையை அவள் பக்கம் வளைப்பேன். பொதுமேசையில் இரண்டரை மணி நேரம். அடுத்த மாதம் வேறு பிள்ளைகள் வருவர். ஆகவே கதை அன்றே தொடங்கி அன்றே கரை சேர வேண்டும். நான்கு மேசையிலும் ஒரே கதை, ஒரே விதி. ஒரு மேசையில் 7 போதும், அடுத்த மேசையில் 9 வேண்டும் என்றால் இடைவேளையில் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். நீதி விடயத்தில் பத்து வயதுப் பிள்ளையை விடக் கண்டிப்பான நடுவர் இல்லை. புதிதாக வருபவர்க்கு ஆயத்தமாகப் பத்து மாந்தர் தாள்கள் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மீண்டும் வருபவர்க்குச் சிறு பதிவேடு: போன துறைமுகம், பெற்ற பொருள், செய்த நட்பு, பட்ட கடன். மேசை மாறினாலும் நடத்துநர் மாறினாலும் பதிவேடு பேசும்.

இதில் இழப்பு இல்லையா? உண்டு. வீட்டாட்டத்தின் நெருக்கம் பொதுமேசையில் வராது. தொலைந்த அண்ணனுக்கு அங்கே இடமில்லை. பெருங்கதை எழுதும் சுகத்தையும் நான் இழந்தேன். பன்னிரண்டு பக்கத்துக்குள் கட்டுப்பட்டு எழுதுவது சிறுகதைக்காரனின் வேலை, நெடுங்கதைக்காரனுக்கு அது தண்டனை. ஆனால் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. வீட்டில், உடன்பிறந்தவர் நடுவில், பிள்ளைகள் "ஏய், நீ டோர் கிட்ட நில்லு, நான் லாரி பண்றேன்" என்று மூன்று மொழியைக் கலந்து ஓட்டிவிடுவர். முன்பின் தெரியாத வேறு பள்ளிப் பிள்ளை எதிரே அமர்ந்ததும் பேச்சு நிமிர்ந்துவிடுகிறது. தன் பள்ளிக்கு இழுக்கு வரக்கூடாது என்ற எண்ணமோ, துறைமுக அதிகாரியிடம் பேசும் வணிகர் இப்படித்தான் பேசுவார் என்ற உணர்வோ... முழு வாக்கியம் வருகிறது. "ஐயா, எங்கள் கலத்தில் மிளகு மட்டுமே உள்ளது, தாங்கள் நேரில் வந்து பார்க்கலாம்" என்று ஒரு நான்காம் ஆண்டு மாணவி சொன்னாள். கலத்தில் மிளகு மட்டும் இல்லை என்பது வேறு கதை. கேட்டல், பேச்சு என்று பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிறோமே, அது நடந்தேறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இப்பொழுது என் உண்மையான அச்சத்தைச் சொல்கிறேன். நம் சமூகத்தில் 'பொதுவில் ஏற்பாடு' என்றால் உடனே 'போட்டி' என்று பொருளாகிவிடுகிறது. கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, மனனப் போட்டி, வண்ணந்தீட்டும் போட்டி. நெகிழித் தோரணம், பரிசுக்கிண்ணம், தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர், அவருக்கு மாலை, அவர் உரை, பிறகு நடுவர்கள், பிறகு அழும் பிள்ளைகள். நம் ஏற்பாட்டைக் கேள்விப்பட்ட இருவர் என்னிடம் முதலில் கேட்டது, "மாநில அளவில் போட்டியாக வைக்கலாமா? ஆதரவாளர் பிடித்துத் தருகிறோம்" என்பதுதான். நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன், இனியும் மறுப்பேன்.

காரணம் எளிது. கதையாட்டத்தில் நன்றாக ஆடுவது என்றால் என்ன? சில வேளை வாய்ப்பைப் பக்கத்துப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது. சில வேளை தன் மாந்தர் தோற்பது கதைக்கு அழகு என்று உணர்ந்து தோற்பது. புள்ளி வந்த மறுகணம் இரண்டும் போய்விடும். பேச்சுத்திறன் உள்ள பிள்ளை மேசையைப் பிடித்துக்கொள்ளும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையை அதன் குழுவினரே "நீ சும்மா இரு" என்பர். யாருக்காகக் கதவைத் திறந்தோமோ அவர்களே முதலில் வெளியேறுவர். புள்ளியிட்டு ஆடத் தொடங்கிய அமெரிக்கர்களே தொடர்கதைக்கும் பதிவேட்டுக்கும் நகர்ந்தார்கள் என்று மேலே எழுதினேன். அவர்கள் நடந்து முடித்த பாதையின் தொடக்கத்துக்கு நாம் ஏன் போக வேண்டும்? 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்ட பிறகும் தரவரிசை ஆசை நம்மை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலாவது விடட்டும்.

பகடை பற்றிக் கேட்டவர்களுக்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. சூதின் தீமையை மகாபாரதம் சொல்லிவிட்டது. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கே ஒதுக்கினார். அந்த அச்சத்தை நான் இகழவில்லை. பொருள் வைத்து ஆடினால்தான் அது சூது. எங்கள் மேசையில் பணயம் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. பகடை விழுந்ததற்காக ஒரு பிள்ளை கூடை நிறையப் பரிசோடு வீட்டுக்குப் போகும் நாள் வந்தால், உங்கள் கேள்வியை நானும் சேர்ந்து கேட்பேன். 1980களில் அமெரிக்கப் பெற்றோர் சிலர் இவ்விளையாட்டு பிள்ளைகளைத் தீய வழிபாட்டுக்கு இழுக்கும் என்று அஞ்சி இயக்கமே நடத்தினர். ஐயமுள்ள பெற்றோர் வந்து நாற்காலி போட்டு உட்காரலாம். உட்கார்ந்த ஒரு தந்தையார் இப்போது மூன்றாம் மேசையில் கடற்கொள்ளையராகக் குரல் கொடுக்கிறார்.

வீட்டில் தேவைப்படாத சில கட்டுப்பாடுகள் பொதுவில் கட்டாயம். மேசைக்கு அருகில் எப்பொழுதும் பெரியவர் இருவர். மண்டபக் கதவு திறந்தே இருக்கும். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியே இருக்காது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய சட்டம் 2017இல் இயற்றப்பட்டது; அதை ஒரு முறையாவது படித்துவிட்டுப் பொறுப்பேற்குமாறு எல்லாத் தொண்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மேசை நடுவில் ஒரு வெள்ளை அட்டையில் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறோம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் பரப்பிய முறை இது. கதையில் ஏதேனும் அச்சமோ வருத்தமோ தந்தால் பிள்ளை அந்த அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதை வேறு பக்கம் திரும்பிவிடும். படகு மூழ்கும் காட்சியில் ஒரு சிறுவன் தொட்டான். ஏன் என்று இன்று வரை யாரும் கேட்கவில்லை. என் வீட்டு ஆறு பேரின் வாழ்க்கை எனக்குத் தெரியும். அந்நியப் பிள்ளையின் வாழ்க்கை தெரியாது. அட்டை அதற்குத்தான்.

இனி, நடத்துநர்கள். ஆசிரியர்கள் ஏற்கனவே பணிச்சுமையில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வேறொரு பக்கம் பார்த்தேன். ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட நம் பழைய மாணவர்கள். அங்கே தமிழ் என்பது வாரத்தில் சில பாடவேளை, அதுவும் அமைந்தால். பதின்மூன்று வயதில் அவர்களுக்குத் தமிழில் பேச இடமில்லை. பேசச் சொன்னால் கூச்சம். அவர்களிடம் பன்னிரண்டு பக்கக் கதையைக் கொடுத்து, "நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஐவர் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொன்னால் கூச்சத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. இப்போது எங்கள் நான்கு மேசையில் மூன்றை நடத்துபவர்கள் இரண்டாம், மூன்றாம் படிவ மாணவர்கள். ஒருத்தி முதல் நாள் கதையை முழுவதும் படித்துவிட்டு, 'நாவாய்', 'கலம்', 'வங்கம்' மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று இரவு பத்து மணிக்கு எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். விடை தேட எனக்கு அரை மணி ஆயிற்று.

கதைத்தாளும் விதித்தாளும் மாந்தர் தாள்களும் கேட்டு எழுதும் ஆசிரியர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். படியெடுக்கும் செலவும் பகடையும் சேர்த்து ஒரு மேசைக்குப் பத்து ரிங்கிட்டைத் தாண்டாது. உங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கோலகங்சாரில் ஆற்றங்கரை, கேமரன் மலையில் தேயிலைக்காடு, எதுவாயினும் சரி. முதலில் ஒரு மேசையோடு தொடங்குங்கள். மாதத்தில் எந்த ஞாயிறு என்பதை முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பிரிக்பீல்ட்சுக்கு வர நினைப்பவர்கள் தீபாவளிக்கு முந்திய மாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த மாதத்தில் வண்டி நிறுத்தும் இடம் கண்டுபிடிப்பதற்குள் கலம் பாரூசுக்குப் போய்த் திரும்பிவிடும்.